மூவர் நாற்காலியிலிருந்து அதிவேக நால்வர் நாற்காலிக்கு: வெர்மான்ட் மலையொன்றில் சேர்லிஃப்ட் மாற்றம், ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலமான வெர்மான்ட்டில் நடுத்தர அளவிலான பனிச்சறுக்கு மலை ஒன்று, தன் முதன்மை சேர்லிஃப்ட்டை (கம்பி வடத்தில் தொங்கும் நாற்காலிகளில் ஆட்களை மலைமேல் ஏற்றும் அமைப்பு) மாற்றிய விவரம் இது. மலையின் பெயரும் தொடர்புடையவர்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. அளவுகள் முழு எண்ணுக்கு அருகில் தரப்பட்டுள்ளன.

பின்னணி

சேர்லிஃப்ட்டில் இரண்டு வகை உண்டு. பழைய வகையில் நாற்காலியின் பிடி கம்பி வடத்தில் நிரந்தரமாக இறுக்கப்பட்டிருக்கும். வடம் ஓடும் வேகத்திலேயே நாற்காலி வந்து முழங்காலுக்குப் பின்னால் தட்டும். அதே வேகத்தில்தான் உட்கார வேண்டும், இறங்க வேண்டும். அதனால் வடத்தின் வேகத்தை நொடிக்கு 2.5 மீட்டருக்கு மேல் கொண்டுபோவது கடினம். இது ஃபிக்ஸ்டு கிரிப். 1936-ல் ஐடஹோ மாநிலத்தின் சன் வேலியில் அமைந்த உலகின் முதல் சேர்லிஃப்ட் முதல் இன்றுவரை இதன் அடிப்படை மாறவில்லை.

இரண்டாவது வகை டிடாச்சபிள். நாற்காலி நிலையத்துக்குள் நுழைந்ததும் பிடி திறந்து வடத்தை விட்டுவிடும். ரப்பர் டயர்களின் வரிசை ஒன்று நாற்காலியை வேகம் குறைத்து, நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டரில் ஆட்களை ஏற்றி, மறுபடி வேகம் கூட்டி, வடத்தின் வேகத்தை எட்டியதும் பிடியை மூடவிடும். வடமோ நொடிக்கு 5 மீட்டரில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். நால்வர் அமரும் டிடாச்சபிள் முதன்முதலாக ஓடியது 1981-ல், கொலராடோவின் பிரெக்கன்ரிஜ்ஜில்.

இந்த மலையில் அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஓடியது 1980-களின் தொடக்கத்தில் நிறுவிய மூவர் ஃபிக்ஸ்டு கிரிப். சரிவு நீளம் 1,500 மீட்டர், உயரம் 380 மீட்டர், வேகம் நொடிக்கு 2.4 மீட்டர். 6 நொடிக்கு ஒரு நாற்காலி. மணிக்கு 1,800 பேர் என்பது பெயர்ப்பலகைத் திறன், அதாவது நிற்காமல், காலி இருக்கை இல்லாமல் ஓடினால் கிடைப்பது. 14.4 மீட்டருக்கு ஒன்றாக மொத்தம் 208 நாற்காலிகள். கீழிருந்து மேலே போக 10 நிமிடம் 25 நொடி, நடுவில் நிற்காமல் இருந்தால்.

கவனித்தவை

நிற்காமல் இருந்ததில்லை. குழந்தைகள் தடுமாறுவது, ஸ்னோபோர்டில் வருபவர் ஒற்றைக் கால் கட்டுடன் சறுக்கி விழுவது, இறங்குமிடத்தில் ஒருவர் எழாமல் போவது என்று நெரிசல் நாளில் 30, 40 முறை லிஃப்ட் நின்றது. ஒவ்வொன்றும் அரை நிமிடம், ஒரு நிமிடம். அதற்கு மேல் சிறு பிள்ளைகளை ஏற்ற வேகத்தைக் குறைத்த நேரம் தனி. தனியாள்களைச் சேர்த்து உட்காரவைக்காமல் போனதால் காலியாகச் சென்ற இருக்கைகள் வேறு. நெரிசலான நான்கு சனிக்கிழமைகளில் உச்சியில் ஆளை நிறுத்தி எண்ணியபோது மணிக்கு ஏறக்குறைய 1,500 பேர்தான் மேலே வந்து இறங்கினார்கள். இந்த எண்ணைக் கோப்பில் எழுதி வைத்தார்கள். திட்டமிடும்போது எடுத்துப் பார்க்கவில்லை. அதன் விலை பின்னால் தெரிய வரும்.

இயந்திரப் பக்கம் நிலைமை மோசமில்லை. பிடிகள் வடத்தில் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் கம்பி சோர்ந்துவிடும் என்பதால், காலமுறையில் 208 பிடிகளையும் தளர்த்தி நகர்த்த வேண்டும். அந்த வேலை ஒழுங்காக நடந்திருந்தது. ஆனால் கியர்பெட்டிக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிதாகிவிட்டது. வடமும் ஓய்வுக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. ஏதோ ஒன்று செய்தே ஆக வேண்டிய கட்டம்.

வேகம் வேறு, திறன் வேறு

நிர்வாகக் குழுவில் பலர் நம்பியது: வேகம் இரண்டு மடங்கானால் ஏறுவோர் எண்ணிக்கையும் இரண்டு மடங்கு. இது தவறு. மணிக்கு எத்தனை பேர் என்பதைத் தீர்மானிப்பது இரண்டே: நாற்காலியில் எத்தனை இருக்கை, எத்தனை நொடிக்கு ஒரு நாற்காலி. பேருந்தை வேகமாக ஓட்டினால் ஊருக்குச் சீக்கிரம் போகலாம். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால் நிறுத்தத்தில் ஏறுபவர்கள் எண்ணிக்கை மாறாது. வடம் வேகமாக ஓடும்போது நாற்காலிகளுக்கு இடையிலான தூரம் கூடுகிறது, அவ்வளவுதான். 6 நொடி இடைவெளிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் 14.4 மீட்டர், 5 மீட்டர் வேகத்தில் 30 மீட்டர்.

இதிலிருந்து குழுவுக்குப் பிடிக்காத ஒரு விளைவு வருகிறது. ஒரு லிஃப்ட்டை நம்பிச் சுற்றுபவர்கள் 700 பேர் என்றும், மணிக்கு 1,800 பேர் என்ற திறன் மாறவில்லை என்றும், கீழே சறுக்கி வர 8 நிமிடம் என்றும் வைத்துக்கொள்வோம். வரிசை, பயணம், சறுக்கல் எல்லாம் சேர்ந்த ஒரு முழுச் சுற்றுக்கு 700-ஐ 1,800 ஆல் வகுத்த நேரம், அதாவது 23 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். வடம் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் இதுவே. பழைய லிஃப்ட்டில் 312 பேர் காற்றில், 240 பேர் சரிவில், 148 பேர் வரிசையில். காத்திருப்பு 5 நிமிடம். அதே திறனில் டிடாச்சபிள் போட்டால் பயணம் 5 நிமிடம் 45 நொடியாகச் சுருங்கி, காற்றில் 172 பேர்தான் இருப்பார்கள். சரிவில் அதே 240. மிச்சம் 288 பேர் வரிசையில்; காத்திருப்பு கிட்டத்தட்ட 10 நிமிடம். உட்கார்ந்து கழித்த நேரத்தை நின்று கழிக்கிறார்கள். கோடிக்கணக்கில் செலவு செய்து வரிசையை இரண்டு மடங்காக்கிய பெயர் கிடைக்கும்.

எனவே டிடாச்சபிளின் நிஜமான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. மெதுவாக வரும் நாற்காலியில் ஏறி உட்காருவதால் நிறுத்தங்கள் குறையும். அதனால் பெயர்ப்பலகைத் திறனுக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். உறைபனிக் காற்றில் உட்காரும் நேரம் பாதியாகும். கூட்டமில்லாத நாளில், வரிசையே இல்லாதபோது, ஒருவர் கூடுதல் சுற்றுகள் போகலாம்.

முன்னிருந்த வழிகள்

முதல் வழி, பழையதைப் பழுதுபார்த்து ஓட்டுவது: புது வடம், மறுகட்டமைத்த கியர்பெட்டி, புது மின்கட்டுப்பாடு. மலிவு. இதைக் கேவலமாக நினைக்கத் தேவையில்லை. வெர்மான்ட்டிலேயே ஷுகர்புஷ் மலை, காஸில்ராக் பகுதிக்கு 2001-ல் மறுபடியும் இருவர் ஃபிக்ஸ்டு கிரிப் ஒன்றையே நிறுவியது. சரிவில் கூட்டம் சேரக் கூடாது என்பதற்காக. கொலராடோவின் அரப்பஹோ பேசின் மலையும் 2020-ல் பல்லவிசினி லிஃப்ட்டை இருவர் லிஃப்ட்டாகவே புதுப்பித்தது.

இரண்டாவது, நால்வர் ஃபிக்ஸ்டு கிரிப் போட்டு, ஏறுமிடத்தில் நகரும் கம்பளம் அமைப்பது. கம்பளம் ஆட்களையும் முன்னோக்கி நகர்த்துவதால் நாற்காலிக்கும் ஆளுக்கும் உள்ள வேக வித்தியாசம் குறைகிறது; வடத்தைச் சற்றுக் கூடுதல் வேகத்தில் ஓட்டலாம். மணிக்கு 2,400 பேர் என்ற அதே திறன் டிடாச்சபிளின் ஏறக்குறைய பாதிச் செலவில் கிடைக்கும். பராமரிப்பும் எளிது. எங்கள் கணிப்பில், 1,000 மீட்டருக்குக் குறைவான லிஃப்ட்டுகளுக்கு இதுதான் சரியான விடை; பல மலைகள் பெருமைக்காக டிடாச்சபிள் வாங்குகின்றன. இங்கே நீளம் 1,500 மீட்டர், உச்சியில் குளிர்காற்று, ஒன்பது நிமிடத்துக்கும் மேற்பட்ட பயணம். அதனால் நிராகரித்தார்கள்.

மூன்றாவது, நால்வர் டிடாச்சபிள், 6 நொடி இடைவெளி, மணிக்கு 2,400. இதுவே தேர்வானது. அறுவர் நாற்காலியையும் விற்பனையாளர் முன்வைத்தார். மேலிருந்து இறங்கும் மூன்று பாதைகளும் குறுகலானவை என்பதால் அது வேண்டாம் என்று முடிவானது.

வடத்தைத் தாங்கும் பழைய டவர்களை வைத்துக்கொண்டு மேலே மட்டும் மாற்றலாமா என்ற கேள்வியும் எழுந்தது. அது சாத்தியப்படவில்லை. நால்வர் நாற்காலி அகலமானது. காற்றில் பக்கவாட்டில் ஆடும். ஏறும் வடத்துக்கும் இறங்கும் வடத்துக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒன்றரை மடங்காக வேண்டும். அப்போது டவர் தலையிலுள்ள குறுக்குக் கை நீளும், அடித்தளத்தில் விழும் முறுக்கு விசை கூடும். பழைய கான்கிரீட் அடித்தளங்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. மொத்தத்தில் பழைய லிஃப்ட்டிலிருந்து மிஞ்சியது தடத்தின் வழியும் ஏறுமிடத்து மண்மேடும் மட்டுமே. 'மாற்றம்' என்று சொன்னாலும் இது புது லிஃப்ட் கட்டுவதுதான். நிதி கேட்கும்போதே அப்படிச் சொல்லிவிடுவது நல்லது.

வடிவமைப்பில் எடுத்த முடிவுகள்

மோட்டாரின் அளவு: ஒருவருக்கு 77 கிலோ என்ற வடிவமைப்பு எடையில், மணிக்கு 1,800 பேரை 380 மீட்டர் உயர்த்த 143 கிலோவாட் போதும், 2,400 பேருக்கு 191. இந்தப் பகுதி வேகத்தைப் பொறுத்தது அல்ல. வேகத்தோடு கூடுவது உராய்வு. டவர் உருளைகள்மீது வடம் ஓடும் உராய்வு இழப்பு ஏறக்குறைய 40-லிருந்து 85 கிலோவாட்டுக்கு ஏறியது. நிலையங்களின் டயர் வரிசைகளையும் கியர் இழப்பையும் சேர்த்து 370 கிலோவாட் மோட்டார் தேர்ந்தெடுத்தார்கள். பழையது 200. இதற்கு மின்நிறுவனத்திடமிருந்து புது டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்பட்டது.

பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேகம் 2.4-லிருந்து 5 ஆனால், நிறுத்த வேண்டிய இயக்க ஆற்றல் ஒவ்வொரு கிலோவுக்கும் 4.3 மடங்கு. பலமாகப் பிடித்தால் நாற்காலிகள் ஆடி வடத்தைத் துள்ளவைக்கும். மென்மையாகப் பிடித்தால் நிற்கும் தூரம் நீளும். எனவே மோட்டார் பக்கத்துச் சாதாரண பிரேக், வடம் சுற்றிவரும் பெருஞ்சக்கரத்தைக் கவ்வும் அவசர பிரேக், பின்னோக்கி உருளாமல் தடுக்கும் சாதனம் என்ற மூன்றையும் தனித்தனியே அளவிட்டு அமைக்க வேண்டியிருந்தது.

உச்சி நிலையத்தை முகட்டிலிருந்து சற்றுக் கீழே இறக்கினார்கள். முகட்டில் காற்று அதிகம். அகலமான தடம் வெட்டியதால் மரங்களின் மறைப்பும் குறையும். இதனால் ஒரு பாதைக்குப் போகிறவர்கள் சற்றுத் தூரம் மேட்டில் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அதற்கு வந்த முணுமுணுப்பு பெரிதாகவே இருந்தது. ஆனால் காற்றால் லிஃப்ட் மூடப்படும் நாட்களோடு ஒப்பிட்டால் சரியான பேரம்.

செலவைக் குறைக்க இரண்டு விஷயங்கள் வெட்டப்பட்டன. இரவில் நாற்காலிகளை நிறுத்திவைக்கும் கூரையுள்ள கொட்டகை ஒன்று. உச்சியில் இறங்கும் மேடையை விரிவாக்கும் மண்வேலை மற்றொன்று. இரண்டுமே தவறான இடத்து வெட்டு.

கட்டுமானம்

வெர்மான்ட்டின் நிலப் பயன்பாட்டுச் சட்டமான ஆக்ட் 250-ன் கீழ் தடத்தை அகலப்படுத்த அனுமதி, முந்தைய ஆண்டே வாங்கியாயிற்று. ஏப்ரலில் பருவம் முடிந்த மறுவாரமே பழைய நாற்காலிகளைக் கழற்றத் தொடங்கினார்கள். ஜூனிலிருந்து அடித்தளக் குழிகள். புதிய வடிவமைப்பில் டவர்கள் 16-லிருந்து 14 ஆயின, ஒவ்வொன்றும் உயரமானவை.

செப்டம்பரில் ஹெலிகாப்டர் மூலம் டவர்கள் நிறுத்தும் நாளில் ஏழாவது டவர் உட்கார மறுத்தது. கான்கிரீட் ஊற்றும்போது நங்கூர போல்ட்டுக் கூண்டு சற்றே திரும்பியிருந்தது. டவரின் அடித்தட்டில் உள்ள துளைகளும் போல்ட்டுகளும் பொருந்தவில்லை. மரத்தாலான அச்சுச்சட்டம் ஊற்றுவதற்கு முன் அளக்கப்பட்டிருந்தது. ஊற்றிய பின், கான்கிரீட் இறுகுவதற்குள், யாரும் மறுபடி அளக்கவில்லை. ஹெலிகாப்டருக்கு மணிக்கணக்கில் கட்டணம் ஓடுவதால், அந்த டவரைப் புல்வெளியில் இறக்கிவைத்துவிட்டு மற்ற பதின்மூன்றையும் முடித்தார்கள். இது சரியான முடிவு. துளைகளை இழுத்துப் பெரிதாக்கிச் சமாளிக்கலாமா என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். பொறியாளர் மறுத்துவிட்டார்: அந்த டவரில் வடத்தின் சரிவுக் கோணம் மாறுகிறது, விசை அதிகம். அடித்தளத்தின் மேற்பகுதியை உடைத்து மறுபடி ஊற்றினார்கள். சோதனைக்காக வார்த்த கான்கிரீட் உருளைகள் தேவையான வலிமை காட்டும்வரை காத்திருந்ததில் மூன்று வாரம் போயிற்று. டவரைக் கிரேன் வைத்து நிறுத்தினார்கள்.

அக்டோபரில் 40 மில்லிமீட்டர் வடம் இழுக்கப்பட்டு, முனைகள் பின்னி இணைக்கப்பட்டன. அமெரிக்க லிஃப்ட் தரநிலையான ஆன்சி பி77.1-ன்படி இணைப்பின் நீளம் வடத்தின் விட்டத்தைப்போல் குறைந்தது 1,200 மடங்கு இருக்க வேண்டும். இங்கே 48 மீட்டர். இணைப்பில் இழைகளைச் செருகும் இடங்கள் தடித்துவிட்டால், டிடாச்சபிள் பிடி அங்கே விழும்போது முழுதாக மூடாது. நிலையத்தின் உணர்கருவி லிஃப்ட்டை நிறுத்திவிடும். ஃபிக்ஸ்டு கிரிப்பில் அந்தச் செருகல் இடங்களைத் தவிர்த்துப் பிடிகளை வைக்கலாம். இங்கே எந்தப் பிடி எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் விட்டத்தை இணைப்பு முழுவதும் சில சென்டிமீட்டருக்கு ஒரு முறை அளந்து எழுதினார்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் வரவில்லை. ஆகஸ்டுக்கு உறுதியளித்தது நவம்பர் இறுதியில்தான் வந்தது. துணை டீசல் இன்ஜினால் வடத்தை மெதுவாகச் சுற்றலாம். முழு வேகச் சோதனைக்கு முதன்மை மோட்டார் வேண்டும். நவம்பர் மத்தியில் திறக்க வேண்டிய லிஃப்ட் டிசம்பர் மூன்றாம் வாரத்தில்தான் திறந்தது. லிஃப்ட்டை ஆர்டர் செய்வதற்கு முன்பே டிரான்ஸ்ஃபார்மரை ஆர்டர் செய்திருக்க வேண்டும் என்பது இப்போது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஏற்புச் சோதனை

ஏறும் பக்கத்தில் இருக்கும் 50 நாற்காலிகளிலும் வடிவமைப்பு எடையின் 110 சதவீதம் ஏற்ற வேண்டும்: நாற்காலிக்கு 339 கிலோ, மொத்தம் 17 டன் தண்ணீர், பிளாஸ்டிக் பீப்பாய்களில். இறங்கும் பக்கம் காலி. இதுதான் லிஃப்ட் பின்னோக்கி உருள மிகவும் துடிக்கும் நிலை. முழு வேகத்தில் ஓடவிட்டு ஒவ்வொரு பிரேக்கையும் தனியாகப் போட்டு, நின்ற நேரத்தையும் தூரத்தையும் பதிந்தார்கள். பிறகு பின்னுருளல் தடுப்பு மட்டும் பிடிக்கிறதா என்ற சோதனை.

அவசர பிரேக் முதல் முறை தேவைக்கு மேல் கடுமையாகப் பிடித்தது. நாற்காலிகள் ஆடியதில் சில பீப்பாய்கள் கீழே விழுந்தன. ஹைட்ராலிக் அழுத்தம் இறங்கும் வேகத்தைத் திருத்தி மூன்றாவது முயற்சியில் அளவுக்குள் வந்தது. மாநில ஆய்வாளர் கையெழுத்திட்டார்.

மீட்புத் திட்டத்தையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. காற்றில் தொங்கும் நாற்காலிகள் பாதிக்கும் குறைவு என்பது வசதி. ஆனால் டவர்கள் உயரமாகிவிட்டதால் பழைய கயிறுகள் இரண்டு இடங்களில் தரையை எட்டவில்லை.

முதல் பருவம்

முதல் மூன்று வாரங்கள் நிறுத்தங்கள் பழைய லிஃப்ட்டைவிட அதிகம். ஆட்கள் தடுமாறியதால் வந்தவை சில; பெரும்பாலானவை இயந்திரமே தன்னை நிறுத்திக்கொண்டவை. நிலையத்துக்குள் ஒரு நாற்காலி குறித்த நேரத்தில் அடுத்த உணர்கருவியைத் தாண்டாவிட்டால், பின்னால் வருவது மோதிவிடும் என்று கட்டுப்பாட்டு அமைப்பு லிஃப்ட்டை நிறுத்திவிடும். காலை எட்டு மணிக்கு அடிக்கடி நிகழும், பதினொன்றுக்குள் அடங்கிவிடும்.

மின்னணுக் கோளாறு என்று உணர்கருவிகளை மாற்றிப் பார்த்ததில் ஒரு வாரம் போனது. காரணம் டயர் அழுத்தம். அக்டோபரில் 20 டிகிரி செல்சியஸ் பட்டறையில் 2 பார் காற்று நிரப்பப்பட்ட டயர், ஜனவரி காலையில் −20 டிகிரியில் 1.6 பாராக இறங்கிவிடும். டயர் ஓட்டையாக வேண்டியதில்லை, வாயுவின் இயல்பே அது. அழுத்தம் இறங்கியதும் டயர் நாற்காலியின் உராய்வுத் தகட்டைச் சரியாகப் பிடிக்காமல் வழுக்கும். தகட்டில் மெல்லிய பனிப்படலமும் இருந்தால் சொல்லவே வேண்டாம். நாற்காலி அரை நொடி பிந்தும், அவ்வளவு போதும். குளிர்ந்த நிலையிலேயே அழுத்தம் பார்த்து நிரப்புவது, காலையில் ஆளேற்றுவதற்கு முன் 30 நிமிடம் காலியாக ஓட்டித் தகடுகளைத் துடைப்பது என்ற இரண்டு பழக்கங்களால் இந்த நிறுத்தங்கள் ஏறக்குறைய நின்றன.

அடுத்தது ஈரமூடுபனி உறைந்து படியும் நாட்கள். கொட்டகை இல்லாததால் நாற்காலிகள் இரவு முழுவதும் தடத்திலேயே தொங்கின. பிடியின் வில் விசையை அளக்கும் தண்டவாளத்தின்மேல் பனிக்கட்டி சேர்ந்தால் தவறான அளவு காட்டி லிஃப்ட் நிற்கும். இது பொய் எச்சரிக்கை என்று தெரிந்தும் அதைத் தாண்டி ஓட்ட அனுமதிக்கவில்லை. பிடி விசை எச்சரிக்கையைப் பொய் என்று கருதும் பழக்கம் வந்துவிட்டால், உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் நாற்காலி வடத்தில் வழுக்கும். அப்படிப்பட்ட காலைகளில் மூன்று பேர் மரச்சுத்தியலோடு ஒவ்வொரு நாற்காலியாகத் தட்டினார்கள். திறப்பு பத்தரை மணிக்குத் தள்ளிப்போனது.

மார்ச் நடுவில், வெயிலடித்த ஒரு சனிக்கிழமை, வடத்தை இறுக்கமாக வைத்திருக்க முன்பின் நகரும் இழுவிசை வண்டி தன் ஓட்டத்தின் எல்லையைத் தொட்டு லிஃப்ட் நின்றது. புது வடம் முதல் பருவத்தில் நிரந்தரமாகச் சற்று நீளும். இது எல்லோரும் எதிர்பார்ப்பதே. 3,000 மீட்டர் சுற்றில் 4 மீட்டருக்கு மேல் நீண்டிருந்தது. இதைத் தாமதமாகக் கண்டதற்குக் காரணம் குளிர். வெப்பம் 30 டிகிரி இறங்கினால் அவ்வளவு வடமும் ஒரு மீட்டருக்கு மேல் சுருங்கும். இழுவிசை வண்டி அரை மீட்டருக்கு மேல் உள்ளே வரும். ஜனவரி முழுவதும் அந்தச் சுருக்கம் நீட்சியை மறைத்திருந்தது. பதிவேட்டில் வண்டியின் நிலை தினமும் எழுதப்பட்டது. பக்கத்தில் வெப்பநிலை எழுதப்படவில்லை. வடத்தை வெட்டிச் சுருக்கி மறுபடி பின்ன, ஆட்கள் வந்து முடிக்க நான்கு நாள், அதில் ஒரு நெரிசல் வார இறுதி.

சரிவில் நடந்தது

இயந்திரம் சீரானபின் நடந்ததுதான் குழு எதிர்பாராதது. திட்டக் கோப்பில் 1,800-லிருந்து 2,400, மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்று இருந்தது. பாதைகளும் செயற்கைப்பனியும் அதற்கேற்பவே கணக்கிடப்பட்டன. ஆனால் பழைய லிஃப்ட் உண்மையில் கொண்டுவந்தது 1,500; புதியது நிறுத்தங்கள் குறைந்தபின் கொண்டுவந்தது 2,200. கிட்டத்தட்ட பாதி கூடுதல். குறுகலான மூன்று பாதைகளில் எந்த நொடியிலும் 200 பேருக்குப் பதில் 290-க்கு மேல். பிற்பகல் இரண்டு மணிக்கே பனி சுரண்டப்பட்டு அடியிலுள்ள கடினப்பனி தெரிந்தது. விரிவாக்காமல் விட்ட இறங்குமேடையில் ஆட்கள் தேங்கியதால், மேலே உள்ள பணியாளர் லிஃப்ட்டின் வேகத்தைக் குறைக்கத் தொடங்கினார்.

வரிசை? தொடக்கத்தில் 9 நிமிடத்திலிருந்து 5-க்குக் குறைந்தது. அது தெரிந்ததும் பக்கத்து மெதுவான லிஃப்ட்டில் சுற்றியவர்கள் இங்கே வந்துவிட்டார்கள். 700 பேர் 900 ஆனார்கள். பிப்ரவரியின் சனிக்கிழமைகளில் காத்திருப்பு 11 நிமிடத்தை எட்டியது. ஆனாலும் முழுச் சுற்றுக்கு ஆகும் நேரம் 28-லிருந்து 25 நிமிடத்துக்குள் வந்தது. விருந்தினர் கருத்துப் படிவங்களில் புகழ்ச்சி பயணத்தின் வேகத்துக்கு, புகார் வரிசைக்கு.

இரண்டாம் பருவத்தில் செய்த திருத்தங்கள்

உச்சி மேடையை இரு மடங்கு அகலமாக்கி, இடப்பக்கம், வலப்பக்கம் போகிறவர்களைப் பிரிக்கும் சரிவு அமைத்தார்கள். கூரையுள்ள கொட்டகை கட்டினார்கள். ஒரே தவணையில் கட்டியிருந்தால் ஆகும் செலவைவிடக் கூடுதலாக.

கொட்டகை வந்ததும் வேறொரு வசதி கிடைத்தது. டிடாச்சபிளில் நாற்காலிகளைத் தடத்திலிருந்து எடுத்துவிடலாம். நவம்பரில் ஒரே பாதை திறந்திருக்கும்போது கால்பங்கு நாற்காலிகளை உள்ளே வைத்துவிட்டு, 8 நொடிக்கு ஒன்று என்று இடைவெளியைக் கட்டுப்பாட்டு அமைப்பில் மாற்றி, மணிக்கு 1,800 பேருக்கு ஓட்டுகிறார்கள். வரிசை நீள்கிறது, சரிவு பிழைக்கிறது. அந்த நாட்களில் அது சரியான பரிமாற்றம் என்பது பனிப்பாதைப் பராமரிப்பாளர்களின் கருத்து, எங்களுடையதும்.

பராமரிப்பு ஆட்கள் இருவர் கூடினார்கள். கோடையில் பிடிகளைக் கழற்றி, வில், புஷ் எனப்படும் தேய்மான உறை, உருளைகளைப் பார்த்து, ஒரு பகுதியைக் காந்தத் துகள் முறையில் விரிசல் சோதனைக்கு உட்படுத்துகிறார்கள். பழைய லிஃப்ட்டில் 208 எளிய பிடிகள். இப்போது நூற்றுப் பத்துச் சொச்சம் சிக்கலான பிடிகள். எண்ணிக்கை பாதி, வேலை மூன்று மடங்கு.

மறுபடி செய்தால் மாறுபவை

திறன் கணக்கைப் பெயர்ப்பலகையிலிருந்து தொடங்காமல், நெரிசல் நாளில் உச்சியில் ஆள் நிறுத்தி எண்ணிய எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். அந்த எண்ணை வைத்துப் பாதைகளின் அகலத்தையும் மேடையையும் முதலில் தீர்மானித்து, லிஃப்ட்டின் அளவை அதற்குப் பின் பேச வேண்டும். பக்கத்து லிஃப்ட்டுகளிலிருந்து எத்தனை பேர் இடம்பெயர்வார்கள் என்ற ஊகமும் அதில் சேர வேண்டும். இங்கே அது பூஜ்யம் என்று வைக்கப்பட்டிருந்தது.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டியவை: ஒவ்வொரு அடித்தளத்திலும் கான்கிரீட் ஊற்றிய ஒரு மணி நேரத்துக்குள் போல்ட்டுக் கூண்டின் கோணத்தை நில அளவையாளர் மறுபடி அளந்து கையெழுத்திடுவது, முதல் பருவ வட நீட்சிக்கு வடத்தைச் சுருக்கும் பணியை ஜனவரி இறுதியின் ஒரு வார நாளுக்கு முன்கூட்டியே குறித்துவிடுவது, டயர் அழுத்தத்துக்கு −20 டிகிரிக்கான தனி அட்டவணை.

பழைய மூவர் லிஃப்ட்டின் நாற்காலிகளையும் உருளைகளையும் வேறொரு சிறு மலை உதிரிபாகங்களுக்காக வாங்கிக்கொண்டது. கியர்பெட்டியை யாரும் கேட்கவில்லை.